எங்கள் தெருவுக்காக ஜெபிப்பது: வேலூரிலிருந்து சில கேள்விகளும் பதில்களும்

வேலூர் சத்துவாச்சாரியில் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து பல வருஷமாக எங்கள் தெருவுக்காகவும் ஊருக்காகவும் ஜெபித்து வருகிறோம். பெரிய ஊழியம் ஒன்றும் இல்லை. காலையில் கொஞ்சம் நடை, வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு வீட்டில் கூடுகை, அவ்வளவுதான். காட்பாடி, குடியாத்தம், ஆற்காடு பக்கத்துச் சபைகளிலிருந்து வருகிறவர்கள், "நாங்களும் எங்கள் தெருவில் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டு ஜெபத்தில் "அக்கம்பக்கத்தாரை ஆசீர்வதியும்" என்று சொல்கிறோமே, அது போதாதா?

போதாது என்று சொல்ல நான் யார்? ஆண்டவர் அந்த ஒரு வரியையும் கேட்கிறார். ஆனால் நம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் "எல்லாப் பிள்ளைகளையும் சுகப்படுத்தும்" என்று பொதுவாகச் சொல்லி எழுந்துவிடுகிறோமா? பெயரைச் சொல்லி, எத்தனை நாளாகக் காய்ச்சல், டாக்டர் என்ன சொன்னார், நாளைக்கு ரத்தப் பரிசோதனை என்று எல்லாவற்றையும் கொட்டித்தான் அழுகிறோம். தெருவுக்கும் அதே மாதிரிதான். மூன்றாவது வீட்டுத் தாத்தாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் தட்டிக்கொண்டே போகிறது. மாடிவீட்டுத் தம்பி ராணிப்பேட்டையில் நைட் ஷிப்ட் முடித்து விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு பைக்கில் வருகிறான். இதெல்லாம் தெரிந்தால் ஜெபம் தானாக நீளும். தெரியாவிட்டால் அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும். தெருவுக்காக ஜெபிக்க வேண்டுமானால் தெருவைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்வது இதனால்தான்.

வேதத்தில் இதற்கு ஆதாரம் உண்டா?

நிறைய உண்டு. நான் எப்போதும் முதலில் காட்டுவது எரேமியா 29-ஆம் அதிகாரம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன ஜனங்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அவர்களுக்கு அது சொந்த ஊரும் இல்லை, பிடித்த ஊரும் இல்லை. தங்கள் வீட்டை இடித்தவர்களின் ஊர். அந்த ஊரில்தான் வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள் என்கிறார். அதற்குச் சமாதானம் இருந்தால்தான் உங்களுக்கும் சமாதானம் என்று காரணமும் சொல்கிறார். வாடகை வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். "பதினொரு மாச அக்ரிமெண்ட்தானே, இந்தத் தெரு நமக்கு எதற்கு" என்று நினைக்க இதில் இடமே இல்லை.

அடுத்தது ஆதியாகமம் 18. சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பது, நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று இறங்கி இறங்கிக் கேட்கிறார். சந்தையில் பேரம் பேசுகிற மாதிரியே இருக்கும். அந்த ஊர் எப்படிப்பட்டது என்று தெரிந்தும் "அது ஒழியட்டும்" என்று அவர் சொல்லவில்லை. நமக்குப் பிடிக்காத ஒரு வீடு தெருவில் இருந்தால், அன்றைக்கு அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டுப் போவது நல்லது.

எங்கே ஆரம்பிப்பது?

ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் போதும். நடுப்பக்கத்தில் உங்கள் தெருவை வரையுங்கள். உங்கள் வீட்டை வைத்து இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து, எதிர்வரிசையில் ஐந்து கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

நான் முதல் தடவை எழுத உட்கார்ந்தபோது அந்தத் தெருவில் குடிவந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பதினைந்து கட்டத்தில் ஏழுக்குத்தான் பெயர் எழுத முடிந்தது. மற்றவை எல்லாம் "நீல கேட் வீடு", "நாய் வீடு", "மிலிட்டரிக்காரர் வீடு" என்றுதான் இருந்தன. அந்தப் பக்கத்தைப் பார்த்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அன்றைய ஜெபம் முழுவதும் மன்னிப்பாகவே போனது.

பெயர் தெரியாத வீட்டுக்கும் ஜெபிக்கலாம். "நீல கேட் வீட்டில் இருக்கிறவர்களை உமக்குத் தெரியும் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே இருந்தால், ஒருநாள் தண்ணீர் லாரி வரும்போது பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம் "உங்க பேர் என்னங்க?" என்று கேட்கத் தோன்றும். அப்படித்தான் என் கட்டங்கள் ஒவ்வொன்றாக நிரம்பின.

நடந்துகொண்டே ஜெபிப்பது என்கிறார்களே, அது எப்படி?

பேசாமல் நடப்பது, உள்ளுக்குள் ஜெபிப்பது. இதில் கற்றுக்கொள்ள வித்தை எதுவும் இல்லை. வேலூரில் நேரம் மட்டும் முக்கியம். இங்கே மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம், காலை எட்டு மணிக்கே முதுகு நனைந்துவிடும். ஐந்தே கால், ஐந்தரைக்குக் கிளம்பினால் தெருவும் விழித்துக்கொண்டிருக்கும்.

குழாயில் தண்ணீர் விடும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது. நீலமும் பச்சையுமாகப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். தண்ணீர் வருவதற்கு முன் குழாய் ஒரு மூச்சு விடும், புஸ்ஸென்று காற்று வரும். அந்தச் சத்தம் கேட்டதும் பாதித் தெரு வெளியே வந்துவிடும். பள்ளிவாசலில் பாங்கு முடிந்திருக்கும், அம்மன் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்திருக்கும். ஒரு பெண் வாசலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பாள். அவள் கை முட்டிவரைக்கும் சுருட்டிய நைட்டியும் கண்ணுக்குக் கீழே கறுப்பும் தெரியும். அவள் தூங்கவில்லை என்று உங்களுக்குப் புரியும். ஜெபக்குறிப்பு அங்கேயே கிடைத்துவிட்டது.

இதில் நாங்கள் கடைப்பிடிப்பது மூன்று நான்கு காரியம்தான். யார் வீட்டு வாசலிலும் நிற்பதில்லை. கண்ணை மூடுவதில்லை, கையை உயர்த்துவதில்லை. இரண்டு பேருக்கு மேல் சேர்ந்து நடப்பதில்லை. கைப்பிரதி எதுவும் எடுத்துப் போவதில்லை.

ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆயா ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "என்னம்மா தினம் சுத்தற, சக்கரையா?" என்று கேட்டார். "சக்கரையும் இருக்கு ஆயா. அதோட நம்ம தெரு நல்லா இருக்கணும்னு சாமிகிட்ட கேட்டுக்கிட்டே நடக்கறேன்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "அப்ப என் கண்ணுக்கும் சேத்துக் கேளு" என்றார். அடுத்த மாதம் கண்புரை ஆபரேஷனுக்கு அவரைக் கூட்டிப்போனது நாங்கள்தான். மகன் சென்னையில் இருந்தான், அவனால் உடனே வர முடியவில்லை.

தெரு மூலையில் நின்று ஜெபிக்காதே, அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபி என்று இயேசுவே சொன்னாரே?

மத்தேயு 6. நல்ல கேள்வி, முதலில் எனக்கும் உறுத்தியது. மனுஷர் பார்க்கும்படி ஜெபிக்கிறதைத்தான் அவர் கண்டித்தார். மேலே சொன்ன கட்டுப்பாடுகளெல்லாம் அதற்காகத்தான் வைத்தோம். நீங்கள் ஜெபிக்கிறீர்கள் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிகிறது என்றால், வீட்டுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபியுங்கள்.

பக்கத்து வீட்டார் இந்துக்கள், முஸ்லிம்கள். அவர்களுக்குத் தெரிந்தால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பதிலும் கொஞ்சம் நீளம்.

முதலில் நம் மனதைச் சோதித்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்தால் நாம் வெட்கப்படும்படியான ஜெபம் ஏதாவது செய்கிறோமா? அப்படி இருந்தால் அந்த ஜெபத்தை விட்டுவிட வேண்டும். கோயில் மதிலைச் சுற்றி எண்ணெய் தெளிப்பது, இன்ன தெருவைப் பிடித்திருக்கிற ஆவியைக் கட்டுகிறோம் என்று ராத்திரியில் சத்தம் போடுவது, இதையெல்லாம் செய்கிற குழுக்கள் உண்டு. நாங்கள் செய்வதில்லை, செய்யக் கூடாது என்றே நினைக்கிறேன். நம் அப்பா அம்மா வணங்கும் இடத்தை ஒருவர் அப்படிச் சுற்றி வந்தால் நமக்கு எப்படி இருக்கும்?

இரண்டாவது, வேலூரில் இது புதுசு இல்லை. எங்கள் கோட்டையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அகழிக்குள், ஒரே மதிலுக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் 1846-ல் கட்டிய செயின்ட் ஜான்ஸ் தேவாலயமும் ஒரு மசூதியும் இருக்கின்றன. இந்த ஊர்க்காரர்களுக்கு ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருந்து பழக்கம்.

ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதை இந்தக் கேள்வியோடு வைத்து யோசிப்பவர்கள் குறைவு. அமெரிக்க மிஷனரி குடும்பத்தில், ராணிப்பேட்டையில் 1870-ல் பிறந்தவர். 1890-களில் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மூன்றாமவர் வேறொரு இந்து. மூன்று பேருடைய மனைவியும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். வைத்தியராக இருந்த தன் அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் வைத்தியர் கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். அந்த ராத்திரி அவர் தூங்கவில்லை, ஜெபத்தில் கழித்தார். காலையில் சாவு மேளம் கேட்டது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதற்கப்புறம் அமெரிக்கா போய் டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்ததுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற சி.எம்.சி. மருத்துவமனை. அந்த ராத்திரி அவர் யாருக்காக ஜெபித்திருப்பார் என்று நான் அடிக்கடி நினைப்பேன். தன் சபையார் யாரும் அந்தக் கதவைத் தட்டவில்லை.

மூன்றாவது, தெரிந்தால் சொல்லிவிடுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லை. ரம்ஜான் மாதத்தில் எங்கள் தெரு பாய் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும். தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் வாளியாகக் கொடுக்கும் வழக்கம் இல்லை, ஏதாவது பழம் வைத்துக் கொடுப்போம். ஒருமுறை அவர் வீட்டம்மா, "அக்கா, மகனுக்கு நீட் எக்ஸாம், நீங்களும் துவா பண்ணுங்க" என்றார். அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

"உங்களுக்காக ஜெபிக்கட்டுமா?" என்று நேரில் கேட்கலாமா?

கேட்கலாம். ஒருமுறை கேளுங்கள், "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். முகம் மாறக் கூடாது. சரி என்றால் அங்கேயே தலையில் கை வைத்து ஆரம்பித்துவிடாதீர்கள். "வீட்டில் போய் ஜெபிக்கிறோம்" என்று சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு அது இலகுவாக இருக்கிறது. அப்புறம், சொன்னபடி ஜெபிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து "அந்த ரிசல்ட் என்ன ஆச்சு?" என்று நினைவு வைத்துக் கேட்க வேண்டும்.

கூட்டத்தில் அக்கம்பக்கத்தாரின் கஷ்டங்களை ஜெபக்குறிப்பாகச் சொல்லலாமா?

அவர்கள் அனுமதித்ததை மட்டும் சொல்லலாம். என் சொந்தத் தவறை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் தெருவில் ஒரு அம்மாவின் மகள், புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வந்துவிட்டாள். என்னிடம் அழுதபடி சொன்னார். அந்த வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் அதை ஜெபக்குறிப்பாகச் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் "நம்ம தெருவில்" என்று சொன்னதே போதுமாக இருந்தது. மூன்றாம் நாள் ரேஷன் கடை வரிசையில் யாரோ அந்த அம்மாவிடமே, "பொண்ணு வந்துட்டாளாமே" என்று கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "உன்னை நம்பித்தானே சொன்னேன்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எட்டு மாதம் என்னோடு பேசவில்லை.

அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் வைத்தோம். யாராவது அடுத்த வீட்டு விஷயத்தை ஆரம்பித்தால், "அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்று ஒருவர் கேட்பார். கேட்கவில்லை என்றால் "ஒரு குடும்பத்துக்காக" என்று மட்டும் சொல்லி மௌனமாக ஜெபிப்போம். ஆண்டவருக்கு விலாசம் தெரியும். நோட்டிலும் இப்போதெல்லாம் கஷ்டத்தை விரிவாக எழுதுவதில்லை, ஒரு புள்ளி வைப்பேன்.

வேலூருக்கென்று எதற்காக ஜெபிப்பது?

"நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்" என்று எங்கள் ஊரைப் பற்றிப் பழைய பேச்சு ஒன்று உண்டு. கடைசி வரி இப்போது பொருந்தாது. பல காலம் வழிபாடு இல்லாமல் கிடந்த கோட்டைக் கோயிலில் 1981-ல் மறுபடி லிங்கத்தை வைத்து வழிபாடு தொடங்கிவிட்டது. முதல் வரி மட்டும் இன்னும் வலிக்கிறது.

பாலாறு பெரும்பாலான நாட்களில் மணல்தான், மணலும் அள்ளிப்போனது போக மிச்சம். 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது பாலத்தின் மேல் நின்று பார்க்க ஊரே திரண்டது. பாலாற்றில் இவ்வளவு தண்ணீரைப் பேரப்பிள்ளைகள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தார்கள். கரையோரத்தில் வீடு இழந்தவர்களும் அதே நாளில்தான் இழந்தார்கள். ஆகையால் நாங்கள் "மழை தாரும்" என்று மட்டும் ஜெபிப்பதில்லை. மழை வரும்போது ஓடைக்கரையில் குடிசை போட்டிருக்கிறவர்களையும் சேர்த்துக் கேட்கிறோம். காவிரித் தண்ணீர் அவ்வளவு தூரம் குழாயில் வந்து நம் குடத்தில் விழுகிறது, அதற்கு ஸ்தோத்திரம் சொல்வோம்.

தோல் தொழில் இன்னொன்று. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என்று எத்தனையோ ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுவது தோலும் ஷூவும்தான். அதே தோல் பதனிடும் கழிவுதான் பாலாற்றையும் கிணறுகளையும் கெடுத்தது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் கொடுத்த தீர்ப்பு, சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிறவர்கள் இன்றைக்கும் படிக்கிற தீர்ப்பு. கெடுத்தவர்களே நஷ்டஈடு கட்ட வேண்டும் என்று அதில் சொன்னார்கள். அப்படியிருந்தும் ராணிப்பேட்டையில் ஒரு தொழிற்சாலை விட்டுப்போன குரோமியக் கழிவு மலைபோல் கிடந்து நிலத்தடி நீரைக் கெடுத்த கதை எல்லாருக்கும் தெரியும். இதற்காக ஜெபிப்பது சுலபம் இல்லை. "தொழிற்சாலைகளை மூடும்" என்று ஜெபித்தால் ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்ணின் சம்பளம் போகும். "நடக்கட்டும்" என்றால் அவள் பிள்ளை குடிக்கிற தண்ணீர் போகும். நாங்கள் தெரியாமல்தான் நிற்கிறோம். அந்தப் பெண்ணையும் அந்தக் கிணற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அமைதியாக இருப்போம்.

குடியாத்தம் பக்கத்தில் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றுகிற பெண்கள், அவர்கள் விரலும் நெஞ்சும். தொரப்பாடி மத்திய சிறையில் இருப்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை நம் சபைக்கு வரும் வார்டர்களின் குடும்பங்கள், மனு போட்டுவிட்டு வாசலில் காத்திருக்கிற தாய்மார். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையைக் கடக்கிற பள்ளிப் பிள்ளைகள். இவர்களை வாரத்துக்கு ஒரு தரமாவது சொல்லிவிடுவோம்.

மருத்துவமனைக்கு வரும் வெளிமாநிலத்தார் நம் தெருவில் சேர்த்தியா?

சேர்த்திதான். காந்தி ரோட்டிலும் அதன் சந்துகளிலும் நடந்து பாருங்கள். பெயர்ப்பலகையில் வங்காள எழுத்து, மெஸ்ஸில் கடுகெண்ணெய் வாசனை, கையில் பெரிய எக்ஸ்ரே உறை. வங்காளத்திலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் இரண்டு ராத்திரி ரயிலில் வந்து காட்பாடியில் இறங்குகிறார்கள். வீடு, நிலம் அடகு வைத்து வந்தவர்கள் அதில் எத்தனையோ பேர். லாட்ஜ் ரூமில் ஸ்டவ் வைத்துச் சமைத்துக்கொண்டு ரிப்போர்ட்டுக்காகக் காத்திருப்பார்கள்.

அவர்களுக்காக ஜெபிக்கிறவர்கள் ஆட்டோக்காரர்களுக்காகவும் லாட்ஜ்காரர்களுக்காகவும் ஜெபிக்க வேண்டும். மொழி தெரியாதவரிடம் இரண்டு மடங்கு வாங்குகிற ஆசை யாருக்கும் வரும். அது நம் ஊர்ப் பாவம், நம் வீட்டு ஆட்கள் செய்கிற பாவம். அதை ஒப்புக்கொண்டு ஜெபிக்க வேண்டும் என்பது என் எண்ணம். இந்தியில் நான்கு வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். வழி கேட்டு நிற்கிற ஒருவரை ரத்தப் பரிசோதனைக் கவுண்டர்வரை கூட்டிப்போய் விட்டுவிட்டு வருவதற்குப் பத்து நிமிஷம் ஆகும்.

"நம் தெரு" என்பது எங்கே முடிகிறது?

இதை யாரும் நேராகக் கேட்பதில்லை. ஆனால் மற்ற எல்லாக் கேள்விக்கும் அடியில் இது இருக்கிறது.

வடாற்காட்டுக் கிராமங்களில் ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். நடுவில் ஒரு வாய்க்கால் இருக்கும், இல்லாவிட்டால் கொஞ்சம் புறம்போக்கு. சுடுகாட்டுப் பாதைகூடத் தனி. அமெரிக்க மிஷனரிகளின் ஆர்க்காடு மிஷன் 1853-ல் தொடங்கியபின் இந்தப் பக்கம் உண்டான சபைகளில் பல, காலனிகளில் வேர்விட்டவை. அந்த மக்களின் ஜெபத்தால்தான் நாம் இன்று கல்லில் கட்டிய ஆலயங்களில் உட்கார்ந்திருக்கிறோம். அப்படியிருந்தும் டவுனுக்கு வந்து, படித்து, வீட்டு வசதி வாரிய மனை வாங்கிய பிறகு, நம் ஜெபமும் மெயின்ரோட்டோடு திரும்பிவிடுகிறது.

எங்கள் குழுவுக்கே இது நடந்தது. இரண்டு வருஷம் ஒரே பாதையில் நடந்தோம். அந்தப் பாதை தூய்மைப் பணியாளர்கள் குடியிருக்கும் சந்துக்கு முன்னாலேயே இடதுபக்கம் வளைந்துவிடும். யாரும் அப்படித் தீர்மானிக்கவில்லை, கால் தானாக வளைந்தது. என்னோடு நடந்த கல்லூரித் தம்பி ஒருநாள், "ஏன் இங்க எப்பவும் திரும்பிடறோம்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் நேராகப் போனோம். விடியுமுன் துடைப்பத்தோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். நாம் தூங்கி எழும் முன்னாலேயே நம் தெருவைக் கூட்டி வைத்துவிட்டுப் போகிறவர்களின் பெயர் ஒன்றுகூட என் நோட்டில் இல்லை.

உங்கள் நோட்டில் வரைந்த கட்டங்களைப் பாருங்கள். கோடு எங்கே நிற்கிறதோ அங்கே ஏன் நின்றது என்று ஆண்டவரிடம் கேளுங்கள்.

ஜெபித்தால் மட்டும் போதுமா? வேறு ஏதாவது செய்ய வேண்டாமா?

நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேட்டதும் உட்கார்ந்து அழுதார், உபவாசித்தார், ஜெபித்தார். அப்புறம் ராஜாவிடம் லீவும் மரமும் கேட்டு வாங்கினார். ராத்திரியில் சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு மதிலைச் சுற்றிப் பார்த்தார். மூன்றாம் அதிகாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம், பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த மதிலைக் கட்டினார்கள் என்பது. ஊர் முழுவதையும் யாரும் தனியாகத் தூக்கிச் சுமக்கவில்லை.

எங்கள் தெருக் கால்வாய் அடைத்துக் கொசு மொய்த்தபோது மூன்று வாரம் டெங்கு வராமல் இருக்க ஜெபித்தோம். அப்புறம்தான், இதுவரை ஒருவர்கூட மாநகராட்சிக்குப் போன் செய்யவில்லை என்பது தெரிந்தது. ஜெபம் முடிந்ததும் செய்தோம். இரண்டு நாள் கழித்து ஆள் வந்தார்கள். அவர்களுக்கு மோர் கொடுத்தோம்.

பல வருஷம் ஜெபித்தும் ஒன்றும் மாறவில்லையே?

எங்கள் தெருவில் ஒரு பையன் குடியில் விழுந்தான். நல்ல பையன், வெல்டிங் வேலை. நான்கு வருஷம் அவன் பெயர் என் நோட்டில் இருந்தது. உபவாசம் இருந்தோம், டி-அடிக்ஷனுக்கு இரண்டு தடவை சேர்த்தோம். இரண்டு தடவையும் திரும்பிவந்து ஆரம்பித்தான். முப்பத்தொரு வயதில் இறந்துபோனான்.

இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை. யாராவது விளக்கம் சொன்னாலும் எனக்குக் கோபம் வருகிறது. அவன் அம்மா மட்டும் காரியத்துக்கு அடுத்த வாரம் எங்கள் கூட்டத்துக்கு வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தார். அவர்கள் கும்பிடுவது முனீஸ்வரனை. ஜெபத்தில் அவர் சேரவில்லை, நாங்களும் சேரச் சொல்லவில்லை. "எம் புள்ள பேரை இங்கதான் தினம் சொல்லுவீங்களாமே" என்றார். சொன்னோம். அவன் பெயரை நான் இன்னும் அடிக்கவில்லை.

எனக்குச் சரளமாக ஜெபிக்க வராது. என்ன சொல்வது?

சரளம் தேவையில்லை. எங்கள் குழுவில் ஒருவர் வீட்டுக்கு வீடு ஒரே வாக்கியம்தான் சொல்வார்: "இந்த வீட்டுக்குச் சமாதானம்." லூக்கா 10-ல் இயேசு சீஷர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். இன்னும் கொஞ்சம் வேண்டுமானால் நான் சொல்வது இப்படி:

"ஆண்டவரே, இந்த வாசலில் இன்றைக்கு உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் பார்த்துக்கொள்ளும். அடுப்பில் உலை இருக்கட்டும். பிள்ளைகள் பத்திரமாகத் திரும்பட்டும். உள்ளே அழுகை இருந்தால் கேளும். என்னால் ஆகிறது ஏதாவது இருந்தால் எனக்குக் காட்டும். ஆமென்."

தனியாகவா, குழுவாகவா? பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

தனியாக ஆரம்பியுங்கள். இரண்டாவது ஆள் கிடைத்தால் நல்லது. பத்துப் பேருக்கு மேல் போனால் அது கூட்டமாகிவிடும், மைக் கேட்க ஆரம்பிப்பார்கள். உங்கள் சபை ஐயரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளைக் கட்டாயம் சேருங்கள். பெரியவர்களுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும். எந்த வீட்டில் அப்பா அடிக்கிறார், எந்தப் பிள்ளை டிபன் கொண்டுவருவதில்லை, எந்த நாய்க்குக் கால் உடைந்தது எல்லாம் வரும். அடிக்கிற விஷயம் வந்தால் ஜெபத்தோடு விடாதீர்கள். 1098 என்று குழந்தைகளுக்கான உதவி எண் இருக்கிறது.

வீடு மாற்றிப் போகிறோம். பழைய தெருவை என்ன செய்வது?

நோட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள். எங்கள் குழுவில் இருந்த ஒரு அக்கா, மகனோடு ஓசூருக்குப் போனபோது தன் நோட்டை என்னிடம் கொடுத்தார். புள்ளிகள் நிறைய, எழுத்து கொஞ்சம். எந்தப் புள்ளி என்ன என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் என் வீட்டுக் கட்டமும் இருந்தது. அதில் ஆறு புள்ளி இருந்தது.